மலை திருப்பிச் சொல்லும் சொல்
(ஏற்காட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அளவில் சின்னது. ஒரு எழுத்துக் கூட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. சலசல. கலகல. மினுமினு. அப்படி மீண்டு வரும் எழுத்துகளை ஒரு பெரிய ஏட்டிலிருந்து கணினியைக் கொண்டு பொறுக்கி எடுப்பது எப்படி? 'லுவா' என்ற நிரல்மொழியை வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன். கணினி தெரியாதவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இது கணினியின் கதை பாதி. நம் இலக்கணத்தின் கதை பாதி.

கதை காப்பித் தொட்டியில் தொடங்குகிறது.

ஒரு மார்கழி மாதக் காலை. நாகலூர்ப் பக்கம் ஒரு சிறு தோட்டம். முந்தின நாள் பறித்த செம்பழத்தைப் பல்ப்பரில் ஓட்டித் தோல் நீக்கி, கொட்டையைத் தொட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கழுவ நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்த ஓர் அக்கா முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளினார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொழகொழன்னு இருக்குது கண்ணு. நறநறன்னு வரட்டும்."

அவ்வளவுதான். மீட்டர் இல்லை, கருவி இல்லை. கொட்டையைச் சுற்றியிருக்கும் பசை நொதித்துக் கரையும் வரை அது கொழகொழ. பசை போய்க் கொட்டையும் கொட்டையும் உரசும்போது அது நறநற. கழுவிக் களத்தில் பரப்பிக் காயவைத்த பிறகு அதே அக்கா ஒரு பிடி எடுத்துக் காதோரம் குலுக்கினார். "கலகலங்குது, மூட்டை கட்டலாம்" என்றார். கொழகொழ, நறநற, கலகல. மூன்றே சொல்லில் அத்தனை வேலையும் முடிந்துவிட்டது.

அன்று முதல் இந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மழை சடசட. சரிவு வழவழ. பழுத்த பழம் கிளையை உலுக்கினால் பொலபொல. கிளியூர் அருவி கோடையில் சலசல, ஐப்பசியில் தடதட. நோட்டு வளர்ந்தது. ஒன்று மூன்றாயிற்று. சொற்களை மட்டும் எழுதவில்லை. அவர்கள் பேசிய வாக்கியங்களை அப்படியே எழுதினேன். பிறகு அத்தனையையும் கணினியில் தட்டச்சு செய்தேன். அப்போது ஓர் ஆசை வந்தது. இந்தப் பக்கங்களில் இரட்டித்து வரும் சொல் எத்தனை? அவற்றை மட்டும் தனியே எடுத்துத் தா என்று கணினியைக் கேட்டால் என்ன?

கேட்பதற்கு ஒரு மொழி வேண்டும் அல்லவா? நான் எடுத்துக்கொண்டது லுவா. 1993இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. ரொபெர்டோ இயேருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெரேடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் ஆக்கியது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார் என்று நீங்களெல்லாம் படித்திருப்பீர்கள். உலகத்தில் அதிகமாகக் காப்பி விளைவிக்கும் நாடு பிரேசில். அந்தக் காப்பி நாட்டில் பிறந்த மொழியை வைத்து இந்தக் காப்பி மலையின் சொற்களைத் தேடினேன் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மாணவர்களே, உங்களில் பலருக்கு லுவா தெரியாமலே தெரியும். ரோப்லாக்ஸ் விளையாடுகிறீர்களே, அதற்குள் ஓடுவது லுவாவின் வழிவந்த மொழிதான். நீங்கள் வீட்டுப்பாடத்துக்குத் திறக்கும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் அது இருக்கிறது. 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னால் லுவா ஓடுகிறது. கட்டுரையின் அடியில் மேற்கோள்கள் ஒரே வடிவில் நிற்கின்றனவே, அந்த வடிவைச் செய்வது அதுதான்.

சரி, கணினியிடம் எப்படிக் கேட்பது? யாப்பு படித்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்பாடு சொல்கிறோம். தேமா என்றால் மாம்பழமா நமக்கு அங்கே பொருள்? இல்லை. நேர் நேர் என்று வரும் எந்தச் சீரும் அதற்குள் அடங்கும். ஒரு சொல்லைச் சொல்லி அதன் வடிவில் உள்ள அத்தனை சொல்லையும் பிடிக்கிறோம். லுவாவில் 'பேட்டர்ன்' என்பது அதே வேலையைச் செய்கிறது. ஆகவே நான் அதை வாய்பாடு என்றே சொல்கிறேன்.

இரட்டித்து வருவதற்கு லுவாவில் வாய்பாடு இது: (.+)%1

ஆறே குறி. புள்ளி என்றால் ஏதோ ஒன்று. கூட்டல் குறி என்றால் அது ஒன்றோ அதற்கு மேலோ. அதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டால், கிடைத்ததைக் கையில் பிடித்து வைத்துக்கொள் என்று பொருள். அப்புறம் சதவீதக் குறியும் ஒன்றும்: முதலில் பிடித்து வைத்ததே இங்கே திரும்ப வர வேண்டும்.

இதை விளக்க எனக்கு ஏற்காட்டை விட நல்ல இடம் கிடைக்காது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கூவியிருக்கிறீர்களா? நீங்கள் என்ன கூவுகிறீர்கள் என்று மலைக்கு முன்கூட்டித் தெரியாது. உங்கள் பெயரைக் கூவினால் உங்கள் பெயர். என் பெயரைக் கூவினால் என் பெயர். எது போனாலும் அதுவே திரும்பும். அடைப்புக்குறிக்குள் இருப்பது நம் குரல். %1 என்பது எதிரொலி.

நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று சொல்லை மட்டும் கொடுத்து வாய்பாட்டை ஓட்டினேன். கொழகொழ வந்தது. நறநற வந்தது. கலகல வந்தது. துள்ளிக் குதித்தேன். அத்தோடு விட்டிருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை.

அடுத்து ஆசை பெருகியது. இரட்டிக்கும் சொல் கிடைத்துவிட்டது. இரட்டிக்கும் எழுத்தையும் தேடுவோம். அம்மா, அப்பா, பட்டு, பள்ளம் என்று ஒரே மெய் இரண்டு முறை ஒலிக்கிறதே, அது. வாய்பாடு இன்னும் சுலபம்: (.)%1. ஏதோ ஒன்று, அடுத்து அதுவே. நம் மலையின் ஊர்ப்பெயர்களைக் கொடுத்தேன். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வாழவந்தி.

நீங்களே சொல்லுங்கள், எவற்றில் எழுத்து இரட்டிக்கிறது? வெள்ளக்கடையில் ள்ள, க்க. மஞ்சக்குட்டையில் க்க, ட்ட. செம்மநத்தத்தில் ம்ம, த்த. நாகலூரிலும் வாழவந்தியிலும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

கணினி என்ன சொன்னது? வெள்ளக்கடையில் ஒன்றும் இல்லை என்றது. மஞ்சக்குட்டையில் இருக்கிறது என்றது. எங்கே என்று கேட்டால் முதல் எழுத்தான 'ம'வைக் காட்டியது! ஒரே ஒரு ம. அது எப்படி இரட்டை ஆகும்? செம்மநத்தத்திலும் த்த அதன் கண்ணில் படவில்லை. மூன்று ம-வையும் தனித்தனியே பிடித்துக்கொண்டு நின்றது. ம, ம, ம. கணினிக்கு ம மட்டும் ஏன் இரட்டையாகத் தெரிகிறது? இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

விடையைக் கேளுங்கள். கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. அந்த ஓர் எண்ணுக்குப் பைட் என்று பெயர். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று எங்கும் வழங்கும் ஒருங்குறிச் சேமிப்பு முறையில் நம் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அ என்பது 224, 174, 133. வ என்பது 224, 174, 181. நாம் எழுதும் எந்தத் தமிழ் எழுத்துக் குறியை எடுத்தாலும் முதல் எண் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும். இன்ன ஊர், இன்ன தெரு, பிறகு கதவு எண் என்பது போல.

ம எங்கே குடியிருக்கிறது தெரியுமா? 224, 174, 174. தெருவின் எண்ணும் 174, கதவின் எண்ணும் 174! லுவாவின் புள்ளி என்பது ஒரு பைட். ஒரு பைட், அடுத்து அதே பைட் எங்கே என்று நான் கேட்டேன். ம என்ற ஒற்றை எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அது உண்மையைச் சொன்னது. பொய் சொல்லவில்லை. நான் கேட்டது தமிழில். அது கேட்டுக்கொண்டது எண்ணில்.

இங்கேதான் ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். முதலில் கொழகொழ எப்படிச் சரியாக வந்தது? எழுத்து வரிசை இரட்டித்தால் அதன் எண் வரிசையும் இரட்டிக்கும். அது பிடித்தது எண்ணை; எழுத்தைப் பிடித்தது போல எனக்குத் தெரிந்தது. ஒரு கருவி சரியான விடை தந்துவிட்டால் அது நம் மொழியைப் புரிந்துகொண்டது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. பெரிய ஏட்டில், ஆயிரம் சொல்லுக்கு நடுவில் இந்தப் பிழை நடந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? ஐந்து ஊர்ப்பெயர் போட்டதால் தப்பித்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். மலையில் ஒருவரை அழைக்க 'ஓஓஓ' என்று நீட்டிக் கூவுகிறோம். எத்தனை ஓ வந்தாலும் பிடி என்பதற்கு 'ஓ+' என்று எழுதினேன். முதல் ஓ-வோடு நின்றுவிட்டது. காரணம் அதுவேதான். ஓ என்பது 224, 174, 147. கூட்டல் குறி கடைசி எண்ணான 147ஐ மட்டும் பற்றிக்கொண்டது. 147 147 147 என்று எங்காவது வந்தால்தான் அதற்குத் திருப்தி. தமிழில் அப்படி வரவே வராது.

என்ன செய்வது? வேறு மொழிக்குப் போய்விடலாமா? எழுத்தை முழுதாகப் பார்க்கும் வேறு நிரல்மொழிகள் உண்டு. லுவாவிலேயே 2015இல் வந்த 5.3ஆம் பதிப்பில் ஒருங்குறிக்கென ஒரு சிறு நூலகம் சேர்ந்தது. விக்கிப்பீடியாவிலும் எழுத்துக் குறிகளை முழுதாகக் கொண்டு தேடும் வசதியைத் தனியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தமிழே இதற்கு வழி வைத்திருக்கும் என்று தோன்றியது. வைத்திருந்தது.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கிய முதன்மைப் பகுதியில் இருக்கைகள் 128. ஒரு பைட்டில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது போக மீதி எத்தனை? 128 முதல் 255 வரை, அதுவும் 128. அளவெடுத்துத் தைத்தது போல! மூன்று எண்ணை ஒரே எண்ணாக மடித்துவிடலாம். இரண்டாம் எண் 174 என்றால் மூன்றாம் எண்ணை அப்படியே வைத்துக்கொள். 175 என்றால் மூன்றாம் எண்ணோடு 64 கூட்டிக்கொள். முதல் இரண்டையும் உதறிவிடு. அ 133 ஆயிற்று. ம 174 ஆயிற்று; இப்போது ஒரே ஒரு 174. வளைந்த மேற்கோள் குறி போன்ற வெளியாட்களை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். வேலை முடிந்ததும் மடித்ததைப் பிரித்துப் பழையபடி மூன்றாக்கித் திரையில் காட்டலாம். பத்துப் பதினைந்து வரி நிரல். மாணவர்களே, இன்று இரவே எழுதிவிடலாம்.

மடித்த பிறகு ஊர்ப்பெயர்களை மறுபடி கொடுத்தேன். இப்போது ம-வின் குழப்பம் இல்லை. ஆனால் வெள்ளக்கடையில் ள்ள இன்னும் கிடைக்கவில்லை! ஏன்?

இந்த முறை கணினியை நோகவில்லை. நம் எழுத்தைப் பார்த்தேன். ள்ள என்று எழுதும்போது ள, அடுத்து ஒரு புள்ளி, அடுத்து ள. இரண்டுக்கும் நடுவில் புள்ளி உட்கார்ந்திருக்கிறது. மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்பது என்று தொல்காப்பியர் சொல்லியிருக்கிறாரே, அந்தப் புள்ளி. மடித்த கணக்கில் அதன் எண் 205. வாய்பாட்டை மாற்றினேன்: (.)\205%1. ஏதோ ஒன்று, புள்ளி, மீண்டும் அதுவே.

வெள்ளக்கடை: ள்ள, க்க. மஞ்சக்குட்டை: க்க, ட்ட. செம்மநத்தம்: ம்ம, த்த. நாகலூர் இல்லை. வாழவந்தி இல்லை. ஐந்தும் சரி!

அன்று இரவு நான் நன்னூலை எடுத்து மெய்ம்மயக்கப் பகுதியைப் படித்தேன். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுதி. ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் மயங்கா. மற்ற மெய்கள் மயங்கும் என்கிறது. அதாவது ர்ர, ழ்ழ தமிழ்ச் சொல்லில் வராது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். வேறு மெய்யோடு சேரா. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் எழுதியது இது. இதை நான் என்னவென்று சொல்வேன்? இது அப்படியே ஒரு தேடல் வாய்பாடு!

ஓட்டிப் பார்த்தேன். ர்ர எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டேன். விரல் தடுமாறி நான் 'பார்ர்த்தேன்' என்று அடித்து வைத்த இடம் அகப்பட்டது. க் என்ற மெய்யை அடுத்துச் சொல்லுக்குள் க அல்லாத ஒன்று எங்கே வருகிறது என்று கேட்டேன். டாக்டர் வந்தார். பக்தி வந்தது. டிராக்டர் வந்தது. வெளியிலிருந்து நம் வீட்டுக்கு வந்த சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அகராதி எதையும் நான் கணினிக்குக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு இலக்கண விதியைக் கொடுத்தேன்.

இனி லுவாவின் ஒரு குறைக்கு வருகிறேன். நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் கூட்டல் குறி ஒற்றை எழுத்தைத்தான் பற்றும். ஒரு கூட்டத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு, இந்தக் கூட்டம் எத்தனை முறை வந்தாலும் பிடி என்று சொல்ல முடியாது. மற்ற மொழிகளின் தேடல் முறைகளில் அது முடியும். லுவாவை ஆக்கியவர்கள் தெரிந்தே விட்டார்கள். முழு அளவிலான தேடல் கருவிக்கு நாலாயிரம் வரிக்கு மேல் நிரல் வேண்டும். லுவாவின் தேடல் பகுதி சில நூறு வரிகளில் அடங்கிவிடுகிறது. சிறு வீட்டுக்குச் சிறு அடுப்பு போதும் என்று கட்டினார்கள்.

அப்படியானால் 'தீ தீ தீ' என்று மூன்று முறை வந்தால்? 'ஓடு ஓடு ஓடு ஓடு' என்று நான்கு முறை வந்தால்? எத்தனை முறை வரும் என்று யார் கண்டது?

தொல்காப்பியர் கண்டார்! அடுக்குக்கு அவர் எல்லை வகுத்திருக்கிறார். செய்யுளில் இசைக்காக அடுக்கினால் நான்கு வரை. விரைவில் அடுக்கினால் மூன்று வரை. நன்னூலாரும் இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லை சொல்கிறார். கொழகொழ போன்ற இரட்டைக்கிளவியோ பெயரிலேயே இரட்டை, இரண்டோடு நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் என்ற கேள்வியே நம் இலக்கணத்தில் இல்லை. ஆகவே எனக்கு மூன்று வாய்பாடு போதும். முதலில் நான்கைத் தேடு, பிறகு மூன்றை, பிறகு இரண்டை:

 ([^ ]+) %1 %1 %1 
 ([^ ]+) %1 %1 
 ([^ ]+) %1 

பெரியதை முதலில் தேடுவது முக்கியம். இரண்டை முதலில் தேடினால் நான்கு அடுக்கில் முதல் இரண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடும். சதுர அடைப்புக்குள் இருக்கும் கூரைக் குறிக்கு, இடைவெளி அல்லாதது என்று பொருள். இரு பக்கமும் இடைவெளி விட்டிருக்கிறேனே, அது எதற்கு? அது இல்லாமல் ஓட்டியபோது 'பல லட்சம்' என்பதை அடுக்குத்தொடர் என்று கொண்டுவந்து நிறுத்தியது. முதல் சொல்லின் கடைசி ல, அடுத்த சொல்லின் முதல் ல. சொல்லுக்கு வேலி போட்ட பிறகுதான் அது நின்றது. வரியின் இரு முனையிலும் ஓர் இடைவெளி சேர்த்துக்கொள்ள வேண்டும், 'தீ! தீ!' என்று வரும் வியப்புக் குறிகளையும் எடுத்துவிட வேண்டும்.

சரி, 'கிர்ர்ர்' என்று பல்ப்பர் சுற்றுகிறது. அங்கே ர் எத்தனை முறையும் வரலாம்; ஒலிக்குறிப்புக்கு எல்லை இல்லை. ர் என்பது ர, புள்ளி என்ற இரண்டு. கூட்டல் குறி இரண்டைப் பற்றாது. இதற்கு வழி? ஒருங்குறியின் 128 இருக்கையில் தமிழ் உட்கார்ந்திருப்பது 72இல்தான். 56 இருக்கை காலி. க-வுக்கும் ங-வுக்கும் நடுவிலேயே மூன்று காலி. மற்ற இந்திய மொழிகளின் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும் என்று விட்ட இடங்கள் அவை. மெய் எழுத்து பதினெட்டையும் கூட்டிப் போய் அந்தக் காலி இருக்கைகளில் உட்கார வைத்தேன். ர்-க்கு இப்போது ஒரே எண். கூட்டல் குறி அதைப் பற்றிக்கொண்டது. எழுத்து என்றால் உயிர், மெய் என்று நம் முன்னோர் எண்ணியபடி கணினியையும் எண்ண வைத்தாயிற்று.

ஒரு சின்ன எச்சரிக்கை, தட்டச்சு செய்கிறவர்களுக்கு. கொ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொழகொழவில் முதல் கொ ஒரு விதம், இரண்டாம் கொ ஒரு விதம் என்றால் எதிரொலி வராது. முதலிலேயே எல்லாவற்றையும் ஒரே விதமாக்கிவிடுங்கள்.

இரட்டைக்கிளவிக்கு அந்த இடமாற்றம் வேண்டாம் என்று மெய்களைப் பழைய இடத்திலேயே விட்டு, மூன்று நோட்டையும் ஓட்டினேன். சொல்லின் தொடக்கத்தில் இரட்டிப்பவை எல்லாம் வரிசையாக வந்தன. சலசல, வழவழ, பொலபொல, சடசட, மினுமினு. அவற்றுக்கு நடுவில் மாமா வந்தார். வவ்வால் வந்தது. பப்பாளி வந்தது!

சிரிக்கிறீர்கள். ஆனால் கணினி மேல் தவறில்லை. மாமாவில் மா, மா. வவ்வாலில் வ, வ. இரட்டித்திருக்கிறதே! வடிவத்தைத் தேடச் சொன்னேன், வடிவத்தைக் கொண்டுவந்தது. இதில் எது இரட்டைக்கிளவி, எது இல்லை என்று யார் சொல்வது? அதற்கும் தொல்காப்பியர் விதி வைத்திருக்கிறார். இரட்டைக்கிளவி இரட்டையிலிருந்து பிரிந்து ஒலிக்காது. பிரித்தால் பொருள் தராது. மா தனியே பொருள் தரும். ஆகவே மாமா விலகட்டும். வழ தனியே பொருள் தராது, வழவழ இருக்கட்டும். பலபல என்றால் பல என்பதற்குப் பொருள் உண்டு, அது அடுக்கு. பளபள என்றால் பள என்பதற்குப் பொருள் இல்லை, அது இரட்டைக்கிளவி. ஓர் எழுத்து, ல-வுக்கு ள, அவ்வளவுதான் வேறுபாடு. வாய்பாட்டுக்கு இரண்டும் ஒன்று.

இந்த இடத்தில் கணினியை நிறுத்திவிட்டேன். அச்சிட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு மீண்டும் மலைக்கு வந்தேன். அதே தோட்டம், அதே அக்கா. ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பாதியைச் சொன்னேன், பொருள் உண்டா என்று கேட்டேன். "நற என்றால்?" "ஒண்ணுமில்லையே." "பொல என்றால்?" "அது என்ன பாதியிலே நிறுத்தறீங்க?" என்றார். தொல்காப்பியர் வைத்த சோதனையை அவர் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து, கையில் காப்பிக் கொட்டை பொறுக்கிக்கொண்டே செய்து முடித்தார். அவர் சரி என்றதைக் குறித்தேன். வேண்டாம் என்றதை அடித்தேன்.

முடித்துவிட்டுக் கேட்டார்: "செக்கச்செவேல்னு பழுத்த பழம்னு சொன்னேனே, அது எங்க? கன்னங்கரேல்னு மேகம் வந்துச்சுன்னு சொன்னேனே, அதைக் காணோமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். சிவப்பு இரண்டு முறை வருகிறது. ஆனால் ஒரே வடிவில் வரவில்லை. முதலில் செக்க, பிறகு செவேல். கன்னம், பிறகு கரேல். காதுக்கு அது இரட்டிப்பு. எதிரொலி வாய்பாட்டுக்கு அது இரட்டிப்பே இல்லை. மலை நம் குரலை அப்படியே திருப்பித் தரும்; அந்த அக்கா தன் குரலை மாற்றித் திருப்பினார். முதல் எழுத்து ஒன்றாக இருக்க, மற்றது மாறலாம் என்று ஒரு தனி வாய்பாடு எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செக்கச்செவேல் அதில் சிக்குகிறது. அதோடு தேவையில்லாத நூறு சொல்லும் சேர்ந்து சிக்குகிறது. நான் இன்னும் முடிக்கவில்லை.

அதனால்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டு வந்தேன். என் நோட்டில் இருப்பது ஒரு தோட்டத்துச் சொல். இந்த மலையில் எத்தனை தோட்டம்? சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து அடிவாரம் வரை எத்தனை ஊர்? மிளகு உதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? பலாப்பழம் அறுக்கும்போது என்ன சொல்? பனி இறங்குவதற்கு என்ன சொல்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். வாய்பாடு அங்கே திரையில் ஓடும். சிக்குகிறதா, நழுவுகிறதா என்று எல்லோருமாகப் பார்ப்போம். பின்வரிசையில் கையை உயர்த்திய அம்மா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லுங்கள். முதலில் உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொல்லை, நீங்கள் வீட்டில் சொல்கிறபடியே.